வலி வேறு, குடைச்சல் வேறு

நகரத்தில் இருக்கும் லிஃப்டுகளில் பாதிக்கு மேல், அவருடைய காலடிச் சத்தம் கேட்டாலே தானாகச் சரியாகிவிடும். நடுவழியில் நின்ற பெட்டி நகரும். திறக்க மறுத்த கதவு வழிவிடும். எரியாத பொத்தான் வெட்கப்பட்டுக்கொண்டு எரியும். பாதிக்கு மேல் என்பது கொஞ்சம் அதிகம்தான், ஒப்புக்கொள்ளலாம். ஒரே ஒரு கட்டடத்தில் ஒரே ஒரு முறை அப்படி நடந்தது, அதுவும் போயிருந்த மின்சாரம் அந்த நேரம் பார்த்துத் திரும்பி வந்ததால். ஆனால் அந்தக் கட்டடத்துக் காவலாளி இன்றுவரை நம்பிக்கொண்டிருப்பது காலடிக் கதையைத்தான்.

லிஃப்ட் பழுது பார்க்கும் இந்த மனிதரை, உடன் வேலை செய்கிறவர்கள் ‘கயிறு’ என்று கூப்பிடுவார்கள். பெட்டியைத் தூக்கும் இரும்புக் கயிற்றைத் தடவிப் பார்த்தே எந்த இழை தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார், அது ஒரு காரணம். ஆளே கயிறு மாதிரி இருப்பார், அது உண்மையான காரணம். இலக்கணப்படி ‘கயிற்றுக்கு வயது முப்பத்தைந்து’ என்றுதான் எழுத வேண்டும். பட்டப்பெயராகிவிட்டபின் இலக்கணம் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ளட்டும்: கயிறுக்கு வயது முப்பத்தைந்து.

பேச்சு குறைவு. பேசுகிற கொஞ்சத்தையும் திருகாணி தேர்ந்தெடுப்பது போலத் தேர்ந்தெடுத்துப் பேசுவார். “லிஃப்ட் நின்னுபோச்சு” என்று யாராவது தொலைபேசியில் சொன்னால், “நின்னுபோச்சா, கிளம்பலையா?” என்பார். ரெண்டும் ஒன்றுதானே என்று எதிர்முனையில் பல்லைக் கடிப்பார்கள். அவருக்கு ஒன்றல்ல. ஓடுவது நடுவில் நின்றால் ஒரு கோளாறு, நின்றது கிளம்ப மறுத்தால் வேறு கோளாறு. சொல் மாறினால் பையிலிருந்து எடுக்கும் கருவி மாறும்.

வீட்டிலும் இதே கதைதான். “பசிக்குதா?” என்று மனைவி கேட்பாள். “பசிக்கல” என்பார். பேசாமல் தட்டை வைத்தால் துடைத்த மாதிரி சாப்பிட்டு முடிப்பார்.

“பசிக்கலன்னீங்க?”

“பசிக்கல. வயிறு காலியா இருந்துச்சு.”

மனைவி மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். வருகிறவர்களை எதிரே உட்காரவைத்து, கனமான சட்டத்தை மூக்கில் மாட்டி, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, “இது தெளிவா, முன்னாடி போட்டதா?” என்று கேட்க வேண்டும். நேராக ‘எப்படித் தெரியுது’ என்று கேட்டால் யாருக்கும் பதில் வராது, இரண்டில் ஒன்று கேட்டால் வந்துவிடும் என்பது அவள் தொழிலில் கற்ற பாடம். கயிறோடு குடித்தனம் நடத்த இதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

கோளாறு தொடங்கியது குளியலறையில். சோப்புப் போடும்போது விதைப்பையின் ஒரு விதையில் கல் மாதிரி ஏதோ கையில் தட்டுப்பட்டது. அழுத்தினார். நோகவில்லை. நோகாத கோளாறுதான் மோசமான கோளாறு என்று லிஃப்டைப் பற்றித் தெரிந்தவருக்குத் தன்னைப் பற்றி அது தோன்றச் சில வாரங்கள் ஆயின. அப்புறம் ஒரு காலை, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே மனைவியிடம் சொன்னார்.

“கீழ்த்தளத்துல ஏதோ மாட்டியிருக்கு.”

“எந்தக் கட்டடத்துல?” என்றாள் அவள்.

அவர் “இந்தக் கட்டடத்துல” என்று தன் மார்பைத் தொட்டுக் காட்டினார்.

அன்றே அவரை மருத்துவமனைக்கு இழுத்துப் போனாள். புற்றுநோய். அடிவயிற்றின் ஓரத்தில் கீறி அந்த விதையை எடுத்துவிட்டார்கள். புற்றுநோய்களிலேயே மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படுகிற வகை இது என்றாள் டாக்டரம்மா. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் எடுத்த ஸ்கேனில் எதுவும் இல்லை. ரத்தத்தில் ஏறியிருந்த நோய்க் குறிகளின் அளவுகளும் அறுவைக்குப் பின் மளமளவென்று இறங்கின.

தையல் பிரிக்க வந்த அன்று இடையில் ஒரு சின்னச் சம்பவம். மனைவி மருந்து வாங்கப் போயிருந்தாள். துணைக்கு வந்திருந்த அவள் அண்ணன், மருத்துவமனை லிஃப்டில் தனியாக ஏறினார். அது இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுபோனது. கயிறு எப்போதும் பையில் வைத்திருக்கும் முக்கோணச் சாவியால் வெளிக்கதவைத் திறந்தார், மச்சான் வெளியே வந்தார். எப்படி வந்தார் என்பது இப்போதைக்கு இருக்கட்டும். வந்ததும் மாப்பிள்ளையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “இது நமக்குள்ளயே இருக்கட்டும் மாப்ள, சத்தியமா பாப்பாகிட்டச் சொல்லிடாதீங்க” என்றார். பாப்பா என்றால் அவர் தங்கை. கயிறு சத்தியம் செய்து கொடுத்தார். அவர் சத்தியம் செய்தால் அது இரும்புக் கயிறு.

மச்சான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். ஆள் நல்ல வாட்டசாட்டம். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, கற்றுக்கொள்கிறவர்கள் செய்யும் அநியாயத்துக்கெல்லாம் தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை மிதித்து மிதித்துப் பழகியதால், எங்கே உட்கார்ந்தாலும் அவருடைய வலது கால் தானாகத் தரையை மிதிக்கும். தொலைக்காட்சி பார்க்கும்போதும் மிதிப்பார். யாராவது வேகமாகப் பேசினாலும் மிதிப்பார்.

சில வாரங்கள் கழித்து, அடுத்து என்ன என்று முடிவு செய்ய மூவரும் டாக்டரம்மாவின் முன்னால் உட்கார்ந்தார்கள். சின்ன அறை. ஜன்னலுக்கு வெளியே ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

“எலும்புல எங்கயாவது வலி இருக்கா? முதுகு, இடுப்பு, தொடை?”

“வலி இல்ல டாக்டர்.”

“நிச்சயமா?”

“வலி இல்ல.”

“அப்போ எலும்பு ஸ்கேன் வேண்டாம்” என்று பேனாவை மூடினாள்.

மச்சானின் கால் தரையை மிதித்தது. “வேண்டாம்னா எப்படி டாக்டர்? உள்ள என்ன இருக்குன்னு யாரு கண்டா? உச்சந்தலைல இருந்து கால் கட்டைவிரல் வரைக்கும் எடுத்துடுங்க. ஒரு மூலை பாக்கியில்லாமத் தெரிஞ்சுடட்டும்.”

“தெரியாது. அதான் பிரச்சினை” என்றாள் டாக்டரம்மா. “இந்த நோய் பரவினா, முதல்ல வயித்துக்குப் பின்னாடி இருக்குற நிணநீர் முடிச்சுக்குப் போகும். அப்புறம் நுரையீரல். ரெண்டும் சுத்தமா இருக்கு. ரத்தமும் இறங்கிடுச்சு. இதையெல்லாம் விட்டுட்டு எலும்புக்கு மட்டும் தனியாப் போறது ரொம்ப அபூர்வம். அந்த ஸ்கேனுக்குப் புத்துநோயை அடையாளம் தெரியாதுங்க. எலும்பு எங்க மும்முரமா வேலை செய்யுதோ அங்க கறுப்பாக் காட்டும், அவ்வளவுதான். பழைய அடி, தேய்மானம், எல்லாமே கறுப்பு. இவரு செய்யுற வேலைக்கு எங்கெங்க இடிச்சுக்கிட்டாரோ. அப்புறம் ஒவ்வொரு கறுப்புக்குப் பின்னாடியும் நாம ஓடணும். எலும்பைத் துளைச்சு எடுத்துப் பாக்கணும். ஒண்ணுமே இல்லாததுக்கு.”

கயிறுக்கு இது பிடித்திருந்தது. நன்றாக ஓடுகிற மோட்டாரைச் சந்தேகத்துக்காகப் பிரிக்கக் கூடாது என்று அவரே எத்தனை முதலாளிகளிடம் சண்டை போட்டிருக்கிறார். தோள் தளர்ந்தது. பிழைத்தோம் என்று நினைத்தார். அந்த நினைப்புக்கு அடியில் வேறொன்றும் இருந்தது, அதை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

எழுந்திருக்கும்போது ஒரு கையை இடுப்பிலும் ஒரு கையை மேஜை விளிம்பிலும் ஊன்றினார். வில்லை பார்த்துப் பழகிய கண் அதைப் பார்த்துவிட்டது.

வெளியே நடைவழியில் வரிசையாக நாற்காலிகள், எல்லாவற்றிலும் ஆட்கள். மனைவி ஒரு தூணோரமாக அவரை நிறுத்தினாள்.

“இடுப்பைப் பிடிச்சீங்களே.”

“மேஜையைப் பிடிச்சேன்.”

“போன வாரம் படுக்கைல எழுந்து உக்காந்திருந்தீங்க. என்னன்னு கேட்டதுக்குக் குடைச்சல்னீங்க.”

“ஆமா.”

“உள்ள இல்லன்னு சொன்னீங்க.”

“அவங்க கேட்டது வலி.”

மனைவி ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள். “சரி. வலிக்கும் குடைச்சலுக்கும் என்னங்க வித்தியாசம்?”

கேட்டதற்கு அவர் உண்மையாகவே யோசித்துப் பதில் சொன்னார். “வலின்னா இங்கன்னு விரல் வெச்சுக் காட்டலாம். அசையாம இருந்தா அடங்கும். குடைச்சல் அப்படி இல்ல. உள்ள இருந்து வரும். சும்மா படுத்திருக்கும்போதுதான் வரும். யாரோ எலும்புக்குள்ள ஸ்க்ரூ டிரைவரை வெச்சு மெதுவா…”

பாதியில் நிறுத்திவிட்டார். தன் வாயிலிருந்து வந்ததைத் தன் காதே அப்போதுதான் கேட்டது போல இருந்தது முகம். மச்சானின் கால்கூட அசையவில்லை.

“இதைத்தாங்க அவங்க கேட்டாங்க” என்றாள் மனைவி, மெல்ல.

“இந்த வார்த்தையைக் கேக்கல.”

“வாங்க உள்ள.”

அவர் நகரவில்லை. தூணில் சாய்ந்துகொண்டு, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். “சொன்னா எடுப்பாங்க. எடுத்தா இருக்கும்.”

அதுதான் விஷயம். இத்தனை வருஷம் சொல்லுக்குச் சொல் பிரித்துப் பேசிய மனிதர், இந்த முறை இரண்டு சொல்லுக்கு நடுவில் இருந்த சந்தில் போய் ஒளிந்துகொண்டிருந்தார். எலும்புக்குள் போய்விட்டதென்றால் சமாசாரமே வேறு என்று அவருக்குத் தெரியும். மாதக்கணக்கில் மருந்து ஏற்றுவார்கள். ஏற்றியும் என்ன ஆகுமோ.

மனைவி அவர் சட்டைக் கையைப் பிடித்து, கதவைத் தட்டினாள்.

டாக்டரம்மா பேனா மூடியை மறுபடி கழற்றினாள். “குடைச்சலா? எங்க?”

“வலது இடுப்புல.”

“படுத்தாக் குறையுதா?”

“படுத்தாத்தான் தெரியுது.”

அந்தப் பதிலுக்குப் பிறகு அவள் குரலில் இருந்த சாவகாசம் போய்விட்டது. அவரைக் கட்டிலில் படுக்கவைத்து, முதுகெலும்பில் ஒவ்வொரு கணுவாகத் தட்டிக்கொண்டு வந்தாள். இடுப்பெலும்பை அழுத்தினாள். காலைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

“எலும்புல எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்கு வேண்டாம்னு சொன்னேன். இப்ப நீங்க அந்த ஆளு இல்ல. எடுத்துடலாம். எலும்புக்குன்னு ஒரு ரத்தப் பரிசோதனையும் சேத்து.” துண்டில் கையைத் துடைத்தாள். “இனிமே எல்லார்கிட்டயும் குடைச்சல், உளைச்சல், கடுப்பு, பிடிப்பு, குத்தல்னு அகராதியைத் திறந்து வெச்சுத்தான் கேக்கணும் போல.”

“நான் அப்பவே சொன்னேன்” என்றார் மச்சான். வெற்றி பெற்றவரின் குரல் அப்படி இருக்காது.

எலும்பு ஸ்கேன் எடுக்கும் பிரிவு மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் இருந்தது. “கீழ்த்தளத்துக்கு வந்த கோளாறுக்குக் கீழ்த்தளத்துலயே வைத்தியம்” என்றாள் மனைவி. அவர் சிரிக்கவில்லை என்றதும் அவளும் விட்டுவிட்டாள். கையில் ஓர் ஊசி போட்டார்கள். மருந்து எலும்பில் போய் ஊறச் சில மணி நேரம் ஆகும், நிறையத் தண்ணீர் குடித்துக்கொண்டே காத்திருக்க வேண்டும் என்றார்கள். அவர் குடித்தார், போய்வந்தார், குடித்தார்.

படுக்கவைத்து அசையாதே என்றார்கள். முகத்துக்கு மேலே ஒரு தட்டையான பெட்டி வந்து நின்றது. பிறகு மெல்ல இறங்கத் தொடங்கியது, தலையிலிருந்து கழுத்து, கழுத்திலிருந்து மார்பு. மோட்டாரின் சத்தத்தை அவர் காது தானாகப் பிடித்துக்கொண்டது. நல்ல மோட்டார். ஒரே சீராக ஓடுகிறது. இப்போது நான்தான் கட்டடம், இது என் மேல் இறங்குகிற லிஃப்ட் என்று நினைத்தார். எந்த மாடியிலும் நிற்காமல் கீழே போய்விட்டால் போதும். இடுப்பு வந்தபோது மூச்சை அடக்கிக்கொண்டார். நிற்கவில்லை. தொடை, முழங்கால், பாதம்.

எழுந்திருக்கலாம் என்று சொல்வார்கள் எனக் காத்திருந்தார். சொல்லவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த படம் எடுப்பவர் வெளியே வந்து, அவருடைய இடது விலாவுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

“இங்க எப்பவாவது அடி பட்டிருக்கா?”

“இல்ல.”

“எங்கயாவது விழுந்தீங்களா?”

“விழல.”

“கொஞ்சம் அப்படியே இருங்க, இன்னொண்ணு எடுத்துக்கறேன்.”

பெட்டி மறுபடி மேலே ஏறி வந்தது. மார்புக்கு நேராக வந்ததும் நின்றது. வெகுநேரம் நின்றது. லிஃப்ட் எங்கே நிற்கிறதோ அங்கே யாரோ ஏறப்போகிறார்கள் என்று அர்த்தம். கயிறு கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். இடுப்பைப் பற்றித்தான் இத்தனை நாள் பயந்தார். விலாவைப் பற்றி அவருக்கு ஒரு யோசனையும் இல்லை. தும்மினால் அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிக்கும், அது அறுவையின் மிச்சம் என்று விட்டுவிட்டார். அதுவும் பிடிப்புதான், வலி அல்ல.

முடிவு வரும்வரை வீட்டில் அவரை வைத்துக்கொள்வது பெரும்பாடாகிவிட்டது. வேலைக்குப் போகவில்லை. நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். எழுந்து போய்க் குடியிருப்பின் லிஃப்ட் கதவில் காதை வைத்துக் கேட்பார். மாடி வீட்டுக்காரர், “என்ன, ஏதாவது சத்தம் வருதா?” என்று கேட்டார். “இல்ல, சும்மா கேக்கறேன்” என்றார். லிஃப்ட் மெக்கானிக் சும்மா கேட்கிறார் என்றால் யார் நம்புவார்கள்? கட்டடமே படியேறத் தொடங்கியது.

ஒரு காலை, மனைவி கடைக்குக் கிளம்பும்போது வாசலில் வந்து நின்றார். “பழைய ஆபீஸ் கட்டடத்துல நடுக்கயித்துல ரெண்டு இழை அறுந்திருக்கு. மாத்தச் சொல்லணும். நீ சொல்லிடு.”

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். “உங்க வாயால நீங்களே சொல்லுங்க.”

“இல்ல, ஒருவேளை…”

“நீங்களே சொல்லுவீங்க” என்று படியிறங்கினாள். கீழே தெருவுக்குப் போய், கைக்குட்டையால் மூக்கைச் சிந்திக்கொண்டு, அதன் பிறகுதான் பேருந்துக்கு நடந்தாள்.

முடிவு சொல்லும் நாளில் மறுபடி அதே அறை, அதே ஜெனரேட்டர். கணினித் திரையில் ஒரு சாம்பல் நிற எலும்புக்கூடு நின்றது. அது தான்தான் என்று கயிறு புரிந்துகொள்ளச் சற்று நேரம் ஆனது.

“இடுப்பு சுத்தம்” என்றாள் டாக்டரம்மா. “ரத்தப் பரிசோதனையும் சரியா இருக்கு.”

மனைவி மூச்சு விட்டாள். டாக்டரம்மா மூச்சு விடவில்லை.

“ஆனா இங்க பாருங்க.” இடது விலாவில், ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று கறும்புள்ளிகள். “மூணு எலும்பு, ஒரே நேர்க்கோட்டுல. நோய் பரவினா இப்படி வரிசையில நிக்காது, அங்கொண்ணு இங்கொண்ணாத்தான் இருக்கும். இந்த மாதிரி வரிசை, அடி பட்டாத்தான் வரும். படத்தை மட்டும் பாத்தா நான் முறிவுன்னு சொல்லிடுவேன். ஆனா அடி படல, விழலன்னு நீங்க சொன்னதாக் குறிச்சிருக்காங்க. ஒண்ணுமே நடக்காம மூணு விலா கறுக்காது. ஒண்ணுமே நடக்கலன்னா நான் நோய்னு நினைச்சுத்தான் ஆகணும். துளைச்சு எடுத்துப் பாக்கணும். இருந்துச்சுன்னா கீமோ. அதனால நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க. அங்க அடி பட்டுச்சா?”

“படல.”

“எங்கயாவது விழுந்தீங்களா?”

“நான் விழல.”

டாக்டரம்மா பேனாவை எடுத்தாள். மனைவி கையை நீட்டி, “ஒரு நிமிஷம் டாக்டர்” என்றாள். அந்த ‘நான்’ அவள் காதில் இடறியிருந்தது. நாற்காலியைத் தூக்கி அவருக்கு எதிரே, முழங்காலோடு முழங்கால் இடிக்கும்படி போட்டு உட்கார்ந்தாள். கடையில் சட்டம் மாட்டிவிட்டு உட்காருவாளே, அதே போல.

“என்னைப் பாருங்க. ரெண்டு ரெண்டாக் கேப்பேன். எது சரியோ அதை மட்டும் சொல்லுங்க. இடிச்சுக்கிட்டீங்களா, நசுங்கினீங்களா?”

அவர் கண் அவளைத் தாண்டி ஜன்னலுக்குப் போனது. திரும்பி வந்தது.

“ரெண்டாவது.”

“வீட்லயா, வெளியிலயா?”

“வெளியில.”

“பொருளா, ஆளா?”

மச்சானின் கால் தரையை மிதித்தது. மறுபடி மிதித்தது. அங்கே பிரேக் எதுவும் இல்லை.

“பொருளா, ஆளா?”

“ஆளு.”

“தெரிஞ்ச ஆளா, தெரியாத ஆளா?”

“சத்தியம் பண்ணியிருக்கேன்” என்றார் கயிறு. “கேக்காதே.”

“எலும்பைத் துளைக்கப் போறாங்க. அப்பவும் சொல்ல மாட்டீங்களா?”

சொல்ல மாட்டார் என்று அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவளுக்கு அவரைத் தெரியும். துளைத்தாலும் சொல்ல மாட்டார்.

“எனக்குத்தான் பாப்பா” என்றார் மச்சான்.

எல்லோரும் திரும்பினார்கள். அந்தப் பெரிய உடம்பு நாற்காலிக்குள் எப்படியோ சின்னதாகியிருந்தது.

“எனக்குத்தான் சத்தியம் பண்ணார். தையல் பிரிச்ச அன்னைக்கு இங்க லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன். விளக்கு வேற போயிடுச்சு. நான்… கத்தினேன். அம்மாவைக் கூப்பிட்டேன். அழுதேன்னுகூட வெச்சுக்கலாம். தினமும் பத்துப் பேர்கிட்டப் பதறாதீங்க பதறாதீங்கன்னு சொல்ற ஆளு. மாப்ள கதவைத் திறந்தார். பெட்டி மேல பாதியில நிக்குது, தரை அவர் நெஞ்சு உயரத்துல இருக்கு. உக்காந்து மெதுவா இறங்குங்க மச்சான்னு சொன்னார். நான் எங்க கேட்டேன்? அப்படியே அவர் மேல… அவர் கதவுச் சட்டத்துக்கும் எனக்கும் நடுவுல மாட்டிக்கிட்டார். மளுக்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. லிஃப்ட்லதான்னு நினைச்சேன்.”

“நானும் லிஃப்ட்லதான்னு நினைச்சேன்” என்றார் கயிறு. இவ்வளவு நேரத்தில் அவர் தானாகச் சொன்ன முதல் வாக்கியம் அதுதான்.

“உங்க எடை என்ன?” என்றாள் டாக்டரம்மா.

“அது எதுக்கு டாக்டர்?”

மனைவி அண்ணனை ஏற இறங்கப் பார்த்தாள். “உச்சந்தலைல இருந்து கட்டைவிரல் வரைக்கும் எடுங்கன்னு அன்னைக்கு அந்தக் குதி குதிச்சியே அண்ணா. உன் வாயைத் திறந்திருந்தாப் போதுமே, ஒரு மெஷினும் வேண்டாமே.”

“விலான்னு யாரு பாப்பா சொன்னா? எல்லாரும் இடுப்பு இடுப்புன்னுதானே சொன்னீங்க.” அவர் கண் கலங்கியிருந்தது. “இன்னைக்குத்தான் எனக்கே உறைச்சுது.”

டாக்டரம்மா கயிறைப் பார்த்தாள். “தையல் பிரிச்ச அன்னைக்கு உங்ககிட்ட என்ன சொன்னேன்? கனமா எதையும் தூக்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?”

“தூக்கல டாக்டர். தாங்கினேன்.”

டாக்டரம்மா ஒரு சீட்டைக் கிழித்து எழுதினாள். “கதையை நம்பி விட முடியாது. இடது விலாவுக்கு மட்டும் நெருக்கமா ஒரு சிடி ஸ்கேன் எடுத்துட்டு வாங்க. இன்னைக்கே.”

எடுத்துக்கொண்டு வந்தார்கள். லிஃப்டில் ஏற மச்சான் மறுத்துவிட்டதால் மூவரும் படியில்தான் ஏறி இறங்கினார்கள். நடைவழியில் காத்திருந்தபோது மனைவி ஒரு பக்கமும் மச்சான் ஒரு பக்கமுமாக அவரை நடுவில் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு முறை அவருக்குத் தும்மல் வந்தது. விலாவைப் பிடித்துக்கொண்டு தும்மினார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

“வலிக்குது” என்றார். அந்தச் சொல்லை அவர் சொல்லி மனைவி கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

கூப்பிட்டார்கள். உள்ளே போனபோது டாக்டரம்மா திரையை அவர்கள் பக்கம் திருப்பி வைத்திருந்தாள். விலா எலும்பு பெரிதாகத் தெரிந்தது. அதில் ஒரு மெல்லிய விரிசல், விரிசலைச் சுற்றிப் புதிதாகத் திரண்ட எலும்பு, பற்றவைத்த இரும்பில் திரளுமே, அதே போல. கீழே இன்னொன்று. அதற்கும் கீழே இன்னொன்று.

“முறிவு. ஒட்டிக்கிட்டு வருது. மூணும் அப்படித்தான். எலும்பை எதுவும் அரிக்கல” என்றாள். அப்போதுதான் அவளும் நாற்காலியில் சாய்ந்தாள். “நோய் இல்ல.”

மனைவி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். கயிறின் காது ஜெனரேட்டரைக் கேட்டுக்கொண்டிருந்தது, அதில் ஏதோ ஒரு திருகு தளர்ந்திருந்தது.

“அப்ப இந்தக் குடைச்சல்?” என்றாள் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

“வீட்ல எப்படி உக்கார்றீங்க? காட்டுங்க.”

கயிறு காட்டினார். இடது தொடையைத் தூக்கி, உடம்பின் பாரமெல்லாம் வலது இடுப்பில் விழும்படி, சாய்ந்த கோபுரம் மாதிரி.

“எதுக்கு இப்படி?”

“கீழ்த்தளத்துக்குப் பாரம் வரக் கூடாதுன்னு.”

டாக்டரம்மா மனைவியைப் பார்த்தாள். மனைவி மொழிபெயர்த்தாள். டாக்டரம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு கணினிப் பக்கம் திரும்பினாள்.

“ஆபரேஷன் ஆனதுல இருந்து இப்படியே உக்காந்தா இடுப்புத் தசை சும்மா இருக்குமா? நேரா உக்காருங்க. ஒண்ணும் ஆகாது, அங்க ஆறிப்போச்சு. இனிமே கீமோவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். சொல்ற தேதிக்கு வந்து ரத்தமும் ஸ்கேனும் எடுத்துக் காட்டினாப் போதும். எலும்பு ஸ்கேன் இல்ல” என்று மச்சானைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டாள்.

பிறகு தட்டச்சு செய்துகொண்டே, ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுச் சொன்னாள். “இடது விலா எலும்பு மூன்றில் ஆறிவரும் முறிவு. எலும்பில் நோய்ப் பரவல் இல்லை. காரணம், மைத்துனர் மேலே விழுந்தது.”

மச்சான் தொண்டையைச் செருமினார். பிறகு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“விழல டாக்டர்” என்றார். “குதிச்சேன். விழுறது வேற, குதிக்கிறது வேற. மாப்ளையைக் கேட்டுப் பாருங்க.”